துரை பார்த்த திசை

கோரைவாயில் தண்ணீர் மேட்டுக்கு ஏறியது எந்த வருஷம் என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் வருஷக் கணக்கு சொல்ல மாட்டார்கள். அஞ்சுகத்தின் சாரைப்பாம்புக்கு நரம்புச் சீக்கு வந்த வருஷம் என்பார்கள், கேட்டவர் சிரித்தால் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள், பிறகு எழுந்துபோய்த் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்பது அவர்கள் எண்ணம்.

ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கிளைவாய்க்காலாகி, வழியில் உள்ள ஊரெல்லாம் குடித்துக் குளித்து நாற்று விட்டு நடவு முடித்து, மிச்சம் இருந்தால் போகட்டும் என்று விட்ட பிறகு வெறும் ஈரமாக வந்து சேருகிற கடைமடை ஊர் கோரைவாய். அந்த மிச்சமும் வருவதும் வராததும் தலைமடையில் உள்ள மதகைப் பொறுத்தது, மதகின் ஷட்டரைத் திருகுகிற சாவி குஞ்சிதபாதத்தின் இடுப்பில் இருந்தது, குஞ்சிதபாதத்தின் இடுப்பு அவருடைய வயல் நிறைந்து வரப்பு வழிந்து அவருடைய தென்னைகளும் குடித்து அலுத்த பிறகுதான் அசையும். பாசனச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், அவருக்கு முன்னால் அவர் அப்பா தலைவர், அவருக்கு எதிராக நின்றவர்களின் பெயரெல்லாம் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

அஞ்சுகம் கோரைவாயில் விதைநெல் கொட்டகை வைத்திருந்தாள். அறுவடையில் ஒதுக்கிய விதையை ஊரார் மூட்டை கட்டி அங்கே கொண்டுவந்து அடுக்குவார்கள், அடுத்த பட்டத்துக்கு எடுத்துப் போவார்கள், ஒரு மூட்டையிலும் எலிப்பல் பட்டதில்லை. அதற்குக் காரணம் துரை. கொட்டகைக்குப் புதுக்கூரை போட்டபோது பழைய கீற்றுக்குள் பொரித்த குட்டிகளில் மற்றதெல்லாம் வயலைப் பார்க்கப் போய்விட, இது மட்டும் தராசுத் தட்டில் சுருண்டு படுத்துக்கொண்டது. மறுநாளும் அங்கேயே படுத்தது. எடை போட வந்தவர்கள் அது எழுந்திருக்கும்வரை காத்துக் கிடந்து, துரைக்கு இன்னும் விடியவில்லையா என்று கேலி பேசப் போய், பேரே துரை என்று நின்றுவிட்டது. சாரை மாட்டு மடியில் பால் குடிக்கும், வாலால் அடித்தால் அடிபட்ட இடம் அழுகும் என்று சத்தியம் செய்கிற ஊர்தான் அதுவும், ஆனால் அதெல்லாம் மற்ற சாரைகளுக்கு என்று வைத்துக்கொண்டார்கள். ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து, மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு வெயிலில் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்ன, கழுத்தை ஒரு முழம் தூக்கி வந்தவர் முகத்தை நேராகப் பார்க்கும். அஞ்சுகம் அதனோடு பேசுவாள், அது பதில் சொல்லாது, அவளுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

முந்தின கோடையில் அஞ்சுகம் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மதகின் மேல் உட்கார்ந்தாள். தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கி, குஞ்சிதபாதத்தையே கூப்பிட்டு, அவர் கையாலேயே ஷட்டரைத் திருக வைத்தார். குஞ்சிதபாதம் எல்லோர் முன்னாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருகினார், திருகும்போது சிரித்தார், அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்கள் இதோடு போகாது என்றார்கள். போகவில்லை. ஆடி பிறப்பதற்கு முன்னால் அஞ்சுகம் மகளுக்கு வளைகாப்பு என்று மன்னார்குடிக்குப் போயிருந்த நாளில் அவர் முதுகில் மருந்தடிக்கும் டேங்க்கை மாட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார். விதையில் அந்துப்பூச்சி விழுந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், சங்கத்தின் சார்பில் இலவசமாக அடித்துத் தருகிறேன் என்றார். இன்பமான காரியங்களை ஆள் வைத்துச் செய்யும் வழக்கம் அவருக்கு இல்லை. அஞ்சுகத்தின் புருஷன் கலியபெருமாள் பெரிய மனுஷன் வீடு தேடி வந்துவிட்டாரே என்று கூச்சப்பட்டு நெளிகிற ஆள்; கதவைத் திறந்துவிட்டார், மருந்து கலக்கத் தண்ணீரும் மொண்டு கொடுத்தார், வேலை முடிந்ததும் மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஊரிலிருந்து திரும்பிய அஞ்சுகத்துக்கு வாசலிலேயே வாடை முகத்தில் அடித்தது. துரை தராசுத் தட்டில் இல்லை, மூட்டைச் சந்தில் கிடந்தது. முதலில் அது எலியைக் கண்டும் காணாததுபோல் இருந்தது. பிறகு எலியைப் பார்த்துப் பாய்ந்தும் குறி தவறி மூட்டையில் முட்டியது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு வந்து, கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் தரையில் வாயை வைத்துக் குடிக்கப் பார்த்தது. தலை, வயசானவர் கையில் டம்ளர் ஆடுவதுபோல் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. கலியபெருமாள் சட்டை உரிக்கப் போகுதோ என்னவோ என்றார். அஞ்சுகம் இரண்டு கையாலும் அதைத் தூக்கிக் கோணியின் மேல் மல்லாத்திப் போட்டாள். உயிருள்ள எந்தப் பாம்பும் மல்லாந்து கிடக்கப் பொறுக்காது, கண் இமைக்கிற நேரத்தில் புரண்டு குப்புற விழுந்துவிடும். துரை வெளுத்த அடிவயிறு மேலே தெரிய, யாருடைய உடம்போ என்பதுபோல் அப்படியே கிடந்தது. சாயங்காலத்துக்குள் கழுத்து பின்பக்கமாக மடிந்து, முகவாய் உச்சிக்குத் திரும்பி, கூரையின் விட்டத்தையே பார்த்தபடி நின்றுவிட்டது. அந்த நேரத்தில் மூலையில் இருந்த பித்தளைக் குடத்துத் தண்ணீர் குடத்தை விட்டு வெளியே வந்து, தூணைப் பிடித்து மேலே ஏறி, விட்டத்தை நனைத்துவிட்டுச் சொட்டியது. அஞ்சுகம் மூட்டை நனையாமல் இருக்க விதையை நகர்த்திப் போட்டாள். அவளுக்கு இருந்த கவலையில் தண்ணீரைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

மறுநாள் காலை துரையைப் பிளாஸ்டிக் பெட்டியில் கோணி விரித்துக் கிடத்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் நிலோஃபர் அதுவரை மாடு ஆடு கோழிக்குப் பார்த்தவர். பாம்பென்றதும் முதலில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார், பிறகு முன்னுக்கு இழுத்துக்கொண்டார், பிறகு சென்னையில் பாம்புகளுக்கு வைத்தியம் பார்க்கிற தன் வாத்தியாரைப் போனில் பிடித்தார். அவர் கேட்டதை இவர் கேட்க, அஞ்சுகம் சொல்ல, இவர் அங்கே சொன்னார். மண்டையில் அடிபட்டதா, தகரச் சூட்டில் கிடந்ததா, மற்றப் பாம்போடு சேர்ந்ததா, ஏனென்றால் பாம்பு இப்படிக் கழுத்தை மடித்து வானத்தைப் பார்க்கக் காரணம் பல உண்டு, தொற்றுவியாதியிலும் வரும், காய்ச்சலிலும் வரும். பூச்சிமருந்து ஏதாவது பட்டதா என்று கேட்டபோது அஞ்சுகம் துரையின் செதிலை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். டாக்டர் முகர்ந்தார், கண் எரிந்து தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஊர்ல இதைப் பார்த்துட்டு அருள் வந்துருக்கும்பாங்க. அருளும் இல்ல, ஆட்டமும் இல்லம்மா. நரம்புல விஷம் ஏறியிருக்கு. எது மேல எது கீழன்னே அதுக்குத் தெரியல."

வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைக் கழுவிவிட்டு, ஒரு ஊசி போட்டார். மாட்டுக்கு ஊசி போட்டுப் பழகிய அஞ்சுகத்தின் கையைப் பிடித்துச் செதிலுக்கு இடையில் எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுத்தார். மருந்தைக் கொடுத்து, ஒருநாள் கூடத் தவறக் கூடாது என்றார். தட்டையான பெட்டி, இருட்டு, அமைதி, சத்தமில்லை, கூட்டமில்லை, தூக்கிக் காட்டக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, பாலை மட்டும் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது என்றார். விடாமல் போட்டால் பிழைக்குமா என்று அஞ்சுகம் கேட்டாள். விடாமல் போட்டால் பிழைக்கலாம் என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வழியில் அவள் குஞ்சிதபாதத்தின் வீட்டு வாசலில் இறங்கினாள். ஊரிலேயே பெரிய வீடு, பாட்டன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஒரு முழம் தடிமன். அவர் சாய்வுநாற்காலியில் இருந்தபடியே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அந்துப்பூச்சிக்கு அடிச்சேம்மா, பாம்புக்கா அடிச்சேன்?" என்றார், மதகில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். அஞ்சுகம் மன்னிக்கிற ரகம் இல்லை, மறக்கிற ரகமும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் கையில் கொடுக்கத் திட்டு ஒன்றைத் தவிர எதுவும் இல்லாததால் அதைக் கூடக் கொடுக்காமல் வீட்டுக்கு நடந்தாள். கலியபெருமாளுக்குச் சோறு போட்டாள், பேச்சுக் கொடுக்கவில்லை.

பெட்டியைக் கொட்டகையின் கீழண்டை மூலையில் இருட்டாகப் பார்த்து வைத்தாள். மடிந்த கழுத்து இப்போது இன்னும் பின்னால் சாய்ந்து, முகவாய் கிழக்கே ஊர் வயல்களைப் பார்த்திருந்தது. காலையில் வயல் வேலைக்குப் போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். தலைமடையில் மதகு மூடியிருந்தது, ஷட்டரில் பூட்டுத் தொங்கியது, அந்த மூடிய ஷட்டரின் மேல் தண்ணீர் ஆட்டுமந்தை வேலி தாண்டுவதுபோல் ஏறிக் குதித்து, குஞ்சிதபாதத்தின் வயலில் ஒரு பயிரைக் கூடத் தொடாமல் வாய்க்கால் வழியே வந்து, கோரைவாய் எல்லையில் உள்ள மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறி, வயல்களில் இறங்கி நின்றுகொண்டிருந்தது. துரை எங்கே பார்த்ததோ அங்கே தண்ணீர் போனது. பெட்டியைத் திருப்பினால் தண்ணீரும் திரும்பியது. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் வராதது ஏன் என்று கேட்டு என்ன ஆயிற்று என்று அவர்களுக்குத் தெரியும்.

கோரைவாய்க்காரர்களுக்கு முறைவைத்துப் பாய்ச்சுவது பழக்கம், ஆகவே துரைக்கும் முறை வைத்தார்கள். கிழக்கு வயல்காரர்களுக்குக் காலை, தெற்கு வயல்காரர்களுக்கு மதியம். முறை வந்தவர் கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அண்ணி, நம்ம பக்கம் கொஞ்சம் திருப்பிவிடுங்க என்பார், அஞ்சுகம் பெட்டியை அரைச்சாண் திருப்புவாள். பொதுப்பணித்துறையிலிருந்து ஒரு இஞ்சினியர் மட்டக்கருவியோடு வந்து மேட்டை அளந்து, பள்ளத்தை அளந்து, மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் சரியாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, டீ குடித்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்து வாத்தியார் பாடப் புத்தகத்தில் தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் பாயும் என்ற வரிக்கு முன்னால் மற்ற ஊர்களில் என்று பேனாவால் எழுதிக்கொள்ளச் சொன்னார். மேடேறும் தண்ணீரில் நீந்தி இளைத்த வாத்துகளை மேய்க்கிறவர்கள் வேறு ஊருக்கு ஓட்டிப் போனார்கள், கோரைவாய்க்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்றிருந்த ஊர்களிலிருந்து தரகர்கள் வந்து இறங்கினார்கள், துணி அலசுகிற பெண்கள் சோப்பு நுரை தங்கள் முகத்துக்கே திரும்பி வராத பக்கமாகப் பார்த்து உட்காரக் கற்றுக்கொண்டார்கள். பயிர் பச்சை கட்டியது. பச்சையைப் பார்த்ததும் பக்தி வந்தது. கொட்டகை வாசலில் பந்தல் எழுந்தது, ஒலிபெருக்கி கட்டப்பட்டது, மஞ்சளும் முட்டையும் செம்பு செம்பாகப் பாலும் வந்தன, வந்தவர்களெல்லாம் பெட்டிக்குள் குனிந்து, சாமி எப்படி வானத்தையே பார்க்குது பாருங்க என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அஞ்சுகம் பாலைச் சாக்கடையில் ஊற்றினாள், ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினாள், கொட்டகைக் கதவைச் சாத்தினாள். இது சாமி இல்லை சீக்கு என்று வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். அவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வாசலில் சூடம் கொளுத்திப் போனார்கள். தினமும் காலையில் ஊசி போட்டாள், போட்டு முடித்ததும் அதன் தலையை உள்ளங்கையில் ஏந்தி, தரை இந்தப் பக்கம் இருக்குடா தொர என்று சொல்லிக் கொடுத்தாள். ஊசி வேலை செய்தது. தலை ஆடுவது குறைந்தது, ஒரு காலை கழுத்து முக்கால்வாசி நேராகி நாக்கு நீண்டு காற்றைத் துழாவியது. அன்றைக்கு வயலில் தண்ணீர் மேட்டுக்கு வந்து தயங்கி நின்று, பாதி திரும்பிப் போயிற்று.

ஊர் கூடி வந்தது. யாரும் மிரட்டவில்லை, அதட்டவில்லை, பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர் வடக்குத்தெரு சம்பந்தம், அஞ்சுகத்துக்குப் பெரியப்பா முறை.

"ஒரு போவம் ஆவட்டும் ஆத்தா. கதிரு பால் புடிக்கிற நேரம். அதுக்கப்பறம் ஊரே சேந்து அதுக்கு வைத்தியம் பாக்குறோம்."

எங்க தொர ஒரு போகத்துக்குத் தாங்காது பெரியப்பா என்று அஞ்சுகம் கதவைச் சாத்திவிட்டாள். அவள் அதில் உறுதியாக இருந்தாள், அந்தப் பெட்டிக்கு அடியில் கூட்டிப் பெருக்கலாம் என்று நினைக்கிறவரை உறுதியாக இருந்தாள். பெருக்குவதற்காகப் பெட்டியைத் தூக்கி மறுபக்கம் வைத்தபோது துரையின் முகவாய் மேற்கே திரும்பியது, மேற்கே குஞ்சிதபாதத்தின் வீடு இருந்தது, கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கூச்சல் கேட்டது. வாய்க்கால் தண்ணீர் அவர் வயலில் இறங்காமல், தோப்பில் இறங்காமல், தெருவைக் கூட நனைக்காமல் வாசற்படி ஏறி உள்ளே போய்க்கொண்டிருந்தது. கணுக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு. நெல் குதிர் ஊறியது, பீரோ மிதந்தது, சாய்வுநாற்காலி கூடத்தை ஒருமுறை சுற்றிவிட்டுப் பூஜையறைக்குள் நுழைந்தது. அஞ்சுகம் துடைப்பத்தோடு தெருவில் நின்று பார்த்தாள். மகள் வளைகாப்புக்குப் பிறகு அவள் முதல்முறையாகச் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வீட்டுக்குள் வந்து பொத்தாமல் சிரித்தாள். பழி இனிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தபின்தான் தெரிந்தது.

மறுநாள் காலை ஊசியை எடுத்தவள் யோசித்தாள். போட்டால் கழுத்து நேராகும், நேரானால் அந்த வீட்டில் தண்ணீர் வடியும். இன்றைக்கு ஒருநாள் அந்த ஆள் நனையட்டும், நாளைக்குப் போடலாம் என்று ஊசியைத் திரும்ப வைத்தாள். அடுத்த நாள் அவர் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வருவதாகக் கேள்விப்பட்டாள். அவர்கள் முன்னால் அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்காமல் விடுவதா, நாளைக்குப் போடலாம். அதற்கடுத்த நாள் அவர் மாடியில் குடியேறினார், மாடிப்படியில் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறிப் பின்தொடர்ந்தது. அது மேல்படியைத் தொடட்டும், நாளைக்குப் போடலாம். அவர் ஆள் வைத்து இறைத்தார், இறைத்த தண்ணீர் வாசல்வரை போய் வீட்டு ஞாபகம் வந்ததுபோல் திரும்பி வந்தது. அவர் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து மதகை அகலத் திறந்துவைத்தார், தண்ணீர் மதகைச் சட்டையே செய்யாமல் அவர் வீட்டுக்கு வந்தது. ஊசி போடாததைப் பார்த்த கோரைவாய்க்காரர்கள் அஞ்சுகம் ஊருக்காக மனமிரங்கிவிட்டாள் என்று நினைத்து அவளுக்கு மாலை போட்டார்கள். அவள் அதைக் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவர்கள் முறை கேட்டு வந்தபோது பெட்டி திரும்பவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றாள். வயலில் தண்ணீர் சுண்டியது, சேறு வெடித்தது, பால் பிடிக்க வேண்டிய கதிர் வெளுத்து நின்றது, பெட்டி மேற்கேயே பார்த்திருந்தது. அண்ணி என்று கூப்பிட்டவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெட்டியைத் தூக்கிவர நாலு பேர் வந்தபோது அஞ்சுகம் நெல் அளக்கும் மரக்காலை ஓங்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். கலியபெருமாள் அவர்கள் காலிலும் விழ முடியாமல் இவள் காலிலும் விழ முடியாமல் நடுவில் நின்றார். அவர்கள் போனபின் உள்ளே போய்த் துரையைப் பார்த்தார். உடம்பு காய்ந்த கொடிபோல் சுருங்கி, முறுக்கின் மேல் முறுக்காகத் திருகி, தோலில் விரல் வைத்தால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. வயலும் வேணாம் ஒண்ணும் வேணாம், பயலுக்கு ஊசியைப் போடு என்று அவர் அழுதார். கதவைத் தெறந்துவிட்ட ஆளு பேசக் கூடாது என்றாள் அஞ்சுகம்.

ஒரு முற்பகலில் கொட்டகை வாசலில் கார் வந்து நின்றது. குஞ்சிதபாதம் இறங்கினார்; நாள்கணக்கில் நனைந்து கால்விரலெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது, வேட்டியில் பாசி பிடித்திருந்தது. அவருக்குப் பின்னால் டாக்டர் நிலோஃபர் மருந்துப் பையோடு இறங்கினார். உலகத்தில் அந்தப் பாம்பு பிழைக்க வேண்டும் என்று கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அப்போது குஞ்சிதபாதம்தான். அதுவரை அஞ்சுகத்தைக் கலியபெருமாள் பெண்டாட்டி என்று மட்டுமே சொல்லிவந்தவர் கை கூப்பினார்.

"தங்கச்சி, செஞ்சது தப்புத்தான். டாக்டரைக் கையோட கூட்டியாந்துருக்கேன். செலவு பூரா என்னுது. அதுக்கு ஊசியைப் போடவிடு."

டாக்டர் அவரைத் தாண்டிக் கிட்டே வந்து, இன்றைக்குப் போட்டால் கூட ஒரு வழி இருக்கிறது, நாளைக்கு இருக்காது, நான் யாருக்காகவும் வரவில்லை, துரைக்காக வந்தேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அஞ்சுகம் டாக்டரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். போட்டுவிட வேண்டும் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது, அது பொய்யில்லை. ஆனால் அவளுடைய கண் டாக்டரைத் தாண்டிப் போய்க் காரில் நின்றது, காரின் பக்கத்தில் கூப்பிய கையோடு நின்றவரில் நின்றது, அந்தக் கை சரியாக எந்த உயரத்தில் டேங்க்கின் குழாயைப் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தது.

"அந்தாளு கார்ல வந்த மருந்து எங்க தொர ஒடம்புல ஏற வேணாம்" என்றாள்.

டாக்டர் வாதாடினார், கெஞ்சினார், கோபப்பட்டார். கார் திரும்பிப் போனது. அஞ்சுகம் கதவைச் சாத்திவிட்டு, தன்னிடம் இருந்த மருந்தை எடுத்தாள். அவர் கார் கண்ணுக்கு மறைந்தபின் தன் கையால் போட்டால் அது தன் மருந்துதானே என்று நினைத்தாள். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு, நேரமாச்சுடா தொர என்று பெட்டிக்குள் கை வைத்தபோது உடம்பு கயிறுபோல் இருந்தது. நாக்கு வெளியே நின்றது. அவள் அதை மல்லாத்திப் போட்டாள், புரளுமா என்று பார்த்தாள், திரும்பவும் போட்டாள், திரும்பவும் பார்த்தாள்.

துரையின் உயிர் போனதும் குஞ்சிதபாதத்தின் வீட்டில் தண்ணீருக்குப் பிடிமானம் விட்டுப்போயிற்று. மாடிப்படியில் இருந்தது, கூடத்தில் இருந்தது, குதிருக்குள் இருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வாசல் வழியாக வெளியே ஓட, ஊறிக் கிடந்த சுண்ணாம்புச் சுவர் தண்ணீர் முட்டுக்கொடுக்கிற தைரியத்தில்தான் நின்றிருந்தது என்பது அப்போது தெரிந்தது. முதலில் பூஜையறை, பிறகு கூடம், பிறகு மாடி. காரை விட்டு இறங்கியவர் தெருவில் நின்று தன் வீடு மண்ணாகி உட்காருவதைப் பார்த்தார். இந்தச் சேதியைச் சொல்ல ஊரே கொட்டகைக்கு ஓடிவந்தது, அஞ்சுகத்தின் முகம் மலருவதைப் பார்க்க ஆசையோடு வந்தது. அவள் துரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை, தலையும் தூக்கவில்லை. இத்தனை நாள் இனித்தது இப்போது வாயில் எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்க அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பிறகுதான் யாரோ கவனித்தார்கள், மடியில் கிடந்த துரையின் முகவாய் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமாக விதைமூட்டைகளின் அடியில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தபோது தண்ணீர் பாய்ந்தது, இப்போது மெல்ல ஊர்ந்தது, ஆனாலும் வந்தது. செத்த கழுத்து விறைத்துவிட்டது, இனி அது திரும்பாது. எந்தப் பக்கம் பார்க்கப் புதைக்கிறோமோ அந்தப் பக்கம் எந்நாளும் தண்ணீர் இருக்கும். கோரைவாயில் சாவு வீட்டில் இப்படிச் சண்டை அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. கிழக்கு வயல்காரர்கள் கிழக்கே தலைவைத்துப் புதைப்பதுதான் முறை என்றார்கள், தெற்கு வயல்காரர்கள் முறை பேச நீங்கள் யார் என்றார்கள், கோவில்குளத்தைப் பார்க்க வைத்துவிட்டால் பொதுவாகப் போய்விடும் என்று சம்பந்தம் சொன்னதும் இரண்டு கட்சியும் சேர்ந்து அவரைத் திட்டியது, வெயில் உச்சிக்கு ஏறியது, பந்தல் கம்பைப் பிடுங்கும்வரை பேச்சு வளர்ந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அஞ்சுகம் கொட்டகையின் பின்கதவு வழியாக இறங்கினாள். ஒரு கையில் மண்வெட்டி, தோளில் துரை. வாய்க்கால் கரையில் குழி வெட்டினாள், துரையை இறக்கினாள், முகவாயைப் பிடித்து ஒரு பக்கமாகப் பார்த்து வைத்தாள், மண்ணைத் தள்ளி மூடினாள்.

கலியபெருமாள் வீட்டுக்குள் அடுப்படியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பானை ஏதோ உடைந்தது என்று நினைத்தார். துடைத்தார், வந்தது. வாரி ஊற்றினார், திரும்பி வந்தது. கணுக்கால் அளவுக்கு வந்து, இனி இங்கேதான் என்று முடிவு செய்ததுபோல் நின்றது. அஞ்சுகம் மண் ஒட்டிய கையோடு உள்ளே வந்து, தண்ணீருக்குள் காலை வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, நம்ம வூட்டைப் பாக்கவா வச்சே?"

"கதவைத் தெறந்தது நீங்க. மருந்தை மறிச்சது நான். வேற யாரு வூட்டுக்குப் போவும் தண்ணி?"

கலியபெருமாள் கையிலிருந்த துணியைப் பார்த்தார், அதை ஆணியில் மாட்டினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் கோரைவாய்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து, யாரையும் எதுவும் கேட்காமல், அஞ்சுகத்தின் வீட்டுப் பின்வாசலிலிருந்து வயலுக்கு ஒரு கால்வாய் வெட்டிக்கொண்டார்கள்.